கூட்டேரிப்பட்டு மேம்பாலத்தில் இடது பக்க ஜன்னல்

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் போய் வந்த தூரம், எல்லாம் சேர்த்து எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. வழியில் சுற்றுலாத் தலம் எதையும் பார்க்கவில்லை. என் தங்கை ஸ்டெல்லா காலையில் தொலைபேசியில் சொன்னதுதான் காரணம்.

“அண்ணா, அவரு சாயந்தரம் கெளம்பறாரு. கம்பிய வெட்டறதா வேணாமான்னு வாயே தொறக்க மாட்டேங்கறாரு. நீ வந்து கேளு.”

‘அவரு’ என்பது அவள் கணவன் சூசைராஜ். பிரெஞ்சு ராணுவத்தில் கடற்படைக் காலாட்படைச் சிப்பாய். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். பதினான்கு ஆண்டுகளில் அவன் ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. புதுச்சேரியில் முழங்கால் வரை நனைந்ததுதான் அவனுடைய கடல் அனுபவம். நிலம் இல்லாத குடும்பம். புதுச்சேரிக்காரத் தாத்தா விட்டுப்போன ஒரே சொத்து, பிரெஞ்சுக் குடியுரிமை. அதை எடுத்துக்கொண்டு பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தான்.

பத்தரை மணிக்குத் திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்தில் ஏறி, அவர்கள் ஊரான கூட்டேரிப்பட்டுக்குச் சீட்டுக் கேட்டேன்.

“நிக்காது சார். பாலத்து மேல போய்க்கினே இருக்கும். எறங்கணும்னா குதிக்கத்தான் வேணும்” என்றார் நடத்துநர்.

குதிக்கும் வயதைத் தாண்டிவிட்டதால், அடுத்து வந்த நகரப் பேருந்தைப் பிடித்தேன். பதினான்கு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய், அரை மணி நேரம்.

அங்கே ‘சொல்தா வீடு’ என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். சிப்பாய்க்குப் புதுச்சேரிப் பக்கம் அதுதான் பெயர். சூசைராஜின் படை வாழ்க்கையை அறிய அவனைக் கேட்க வேண்டியதில்லை, வீட்டைப் பார்த்தால் போதும். கீழ்த்தளம் ஜிபூட்டியில் காவல் நின்றபோது எழும்பியது. முதல் மாடி தென் அமெரிக்கக் கயானாவின் காட்டில் இருந்தபோது; இன்றும் அந்த மாடிக்குப் பெயர் கயானாதான். மாலி பாலைவனத்தில் மணல் தின்றுகொண்டிருந்த காலத்தில் இங்கே ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். நல்ல தண்ணீர்.

மொட்டை மாடியில் தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டைக் கட்டி முடிப்பதில்லை. அடுத்த மாடிக்கென்று கம்பியை விட்டுவைப்பார்கள். மற்றவர்களுக்கு அது ஆசை. இந்த வீட்டில் அதற்கு அர்த்தம் வேறு: கம்பி இருந்தால் இன்னொரு மாடி, இன்னொரு மாடி என்றால் இன்னொரு தேசம். அவனுடைய ஒப்பந்தம் கோடையில் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடலாம், போடாமல் ஊர் திரும்பலாம்.

கொத்தனார் பழனி கட்டிங் மிஷினோடு தயாராக இருந்தார். வெட்ட வசதியாக, கம்பிகளில் கட்டியிருந்த, துணி காயப்போடும் கொடியை ஸ்டெல்லா முன்பே அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

“இன்னா தம்பி, வெட்டிடலாமா? கரண்டு இருக்கும்போதே சொல்லு, ஜல்தியா முடிச்சிடறேன். கயானால வேற பாத்ரூம் ஒழுவுது, அதையும் பாக்கணும்.”

சூசைராஜ் நீலக்கட்டம் போட்ட லுங்கியோடு மேம்பாலத்தைப் பார்த்தபடி நின்றான்.

“எனக்கு இன்னாத்துக்கு இன்னொரு மாடி? இருக்கற ரூமையே பெருக்க முடியல” என்றாள் ஸ்டெல்லா.

“அப்ப அங்க வந்துரு.”

“ஒரு வருசம் வந்து இருந்தேன் இல்ல? நீங்க காட்ல, நான் குவாட்டர்ஸ்ல. அங்க கரண்டுகூட போகல. இங்க கரண்டு போனாவாச்சும் நாலு பேரு வெளிய வந்து பேசுவாங்க.”

அவன் சிரித்தான். பிறகு கொத்தனாரிடம், “வெட்டாதீங்க மேஸ்திரி. சிமெண்ட் பால் அடிச்சி வையுங்க” என்றான்.

கம்பி துருப்பிடிக்காமல் காத்திருப்பதற்குத்தான் சிமெண்டைக் கரைத்துப் பூசுவார்கள். பூச்சு காய்ந்ததும் ஸ்டெல்லா கொடியை மறுபடி கட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்ததைக் கண்டு, “கட்டலன்னா துணிய எங்க காயப்போடறது?” என்றாள்.

சென்னை விமான நிலையம் வடக்கே இருக்கிறது. சூசைராஜ் ஒவ்வொரு முறையும் தெற்கே விழுப்புரம் வரை போய் அங்கிருந்து ரயிலேறுவான். முதல் தடவை அப்படிப் போய்ப் பத்திரமாகத் திரும்பினான், அதனால் வழியை மாற்ற வீட்டில் விடமாட்டார்கள். நானும் கூடப் போனேன். விழுப்புரத்தில் முன்பதிவில்லாச் சீட்டு எனக்கு முப்பது ரூபாய். வண்டி வந்த வழிக்கே இணையாக வடக்கே திரும்பியது.

மயிலம் தாண்டியதும் அவனே ஆரம்பித்தான். “கேக்கத்தானே வந்த மச்சான்? கேளு.”

“ஏன் வெட்டல?”

“வந்து இன்னா பண்ணுவேன்? ஏ.டி.எம். வாசல்ல ஸ்டூல் போட்டுக்கினு குந்தணும். இப்ப கையெழுத்து போட்டா பசிபிக்ல ஒரு தீவாம். மூணு வருசம்.” பையைக் காலுக்கடியில் தள்ளினான். “ஆனா அவளே வெட்டச் சொல்லியிருக்கலாம். மிஷினு ரெடியா இருந்திச்சி. நான் தடுத்திருக்க மாட்டேன்.”

“வெட்டியிருந்தா?”

“கையெழுத்து போட மாட்டேன். அவ்ளோதான்.”

திண்டிவனத்தில் இறங்கிக்கொண்டேன். அவன் வண்டி ஒலக்கூர்ப் பக்கம் போய் மறைந்ததும், நடைமேடையிலிருந்தே ஸ்டெல்லாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

“அவரு கம்பி. அவரே வாயால சொல்லட்டும்ணா” என்றாள்.

இரண்டு அரசாங்கங்கள் இப்படிப் பேசிக்கொண்டால் அதைப் பேச்சுவார்த்தை என்கிறார்கள்.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டுமானால், பேருந்து பாலத்தின் கீழே போகுமா என்று ஏறும் முன்பே கேளுங்கள். இறங்க வேண்டாம் என்றால் பாலத்தின் மேல் போகும் வண்டியே நல்லது. திண்டிவனத்திலிருந்து போகும்போது இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். மொட்டை மாடி கண்ணுக்கு நேராக வரும். கம்பிகள் இல்லையென்றால் எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள்.

போன வாரம் விழுப்புரத்தில் வேலை இருந்தது. அதே ஜன்னலில் போனேன். சாம்பல் பூச்சோடு கம்பிகள் அப்படியே நின்றன. கொடியில் ஸ்டெல்லாவின் புடவை, மகளின் பள்ளிச் சீருடை, பக்கத்தில் சூசைராஜின் அந்த நீலக்கட்டம் போட்ட லுங்கி. நன்றாகத் துவைத்துப் பிழிந்தது, நுனியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சூசைராஜ் போய் ஐந்து வாரம் ஆகிறது. அந்த லுங்கி அழுக்காக வழியே இல்லை.