அக்காவின் உள்ளங்கை உரிந்தபோது

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் பெற்றோருக்குப் பிள்ளைகள் நால்வர். மூவர் போய்விட்டார்கள். மூத்தவரான அக்காவைப் பற்றி எழுத மிஞ்சியிருப்பவன் கடைசிப் பிள்ளையான நான்தான். அச்சகத்தார் நான்கு பக்கம் ஒதுக்கினார். அதில் ஒரு பக்கம் புகைப்படத்துக்குப் போயிற்று. எழுபத்து நான்கு வயது வரை வாழ்ந்தவரை மூன்று பக்கத்தில் எப்படி அடக்குவது என்று நான் சண்டை போட்டுப் பார்த்தேன். பயனில்லை.

அக்கா நெமிலிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்கு நிலம் குத்தகை, கடன் சொந்தம். அக்காவை மாதனூரில் கட்டிக் கொடுத்தார்கள். கணவர் லாரியில் மூட்டை ஏற்றுபவர். மகள் செல்விக்கு மூன்று வயது ஆனபோது அவர் விபத்தில் இறந்தார். காரியம் முடிந்த வாரமே அக்கா ஆம்பூருக்குப் போய்த் தோல் பதனிடும் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை வெளியே இழுத்துப் போடும் வேலை. அந்தக் காலத்தில் கையுறை மேஸ்திரியின் கையில் மட்டும்தான் இருந்தது. பல வருடம் கழித்தே ஷூ கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது.

சுண்ணாம்பில் வேலை செய்த பெண்களுக்கு உள்ளங்கை சிவக்கும், எரியும், தாள் தாளாக உரியும். சாயங்காலம் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு யாருக்கு ஜாஸ்தி உரிந்தது என்று கையைக் காட்டிச் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் கை உரிவதை யாரும் நோயாக எண்ணியதில்லை. சம்பள நாள் மாதிரி அது வரும், போகும். அந்தக் கையால்தான் அக்கா மகளை வளர்த்தார். என்னையும் படிக்க வைத்தார். நான் கணக்கு வாத்தியார் ஆனது அந்தக் கூலியில்தான்.

இதெல்லாம் வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

அக்காவுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது வேலூரில் அறுவை செய்தார்கள். ஈரலில் மிச்சம் இருக்கிறது, அதற்கு மாத்திரை தருகிறோம், வீட்டிலேயே சாப்பிடலாம் என்றார்கள். இரண்டு வாரம் காலையும் மாலையும், பிறகு ஒரு வாரம் ஓய்வு, மறுபடி இரண்டு வாரம். திரும்பி வரும் பேருந்தில் அக்கா புது வளையல் வாங்கிய பெண் மாதிரி இருந்தார்.

"பாத்தியாடா தம்பி, ஊசி இல்ல, பாட்டில் இல்ல. நம்ம வீடு, நம்ம தண்ணி. முழுங்கிட்டு வேலையப் பாக்க வேண்டியதுதான். இதுக்குப் போயி இன்னாமா பயந்தேன்!"

செவிலியர் பொறுமையாக விளக்கியே அனுப்பினார். தமிழில் அச்சடித்த தாளும், அழைக்க வேண்டிய எண்ணும் கொடுத்தார். கை கால் சிவந்து எரிந்தாலோ, தோல் உரிந்தாலோ, பேதியானாலோ, வாயில் புண் வந்தாலோ உடனே தெரிவிக்கவும் என்று அதில் இருந்தது. நான் பேருந்திலேயே படித்துக் காட்டினேன். வீட்டில் பீரோ கதவில் ஒட்டினேன்.

இரண்டாவது சுற்று மாத்திரையில் உள்ளங்கை சிவந்தது. பிறகு உரிந்தது. நான் தாளைக் காட்டினேன். அக்கா சிரித்தார்.

"அது தோல்ல கை வெக்காதவங்களுக்கு எழுதினதுடா. நாம பாக்காத உரிச்சலா? நீ இன்னா, என் கையப் பரீட்சைப் பேப்பர் மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கற?"

அக்காவோடு சுண்ணாம்புக் குழியில் நின்றவர் பக்கத்து வீட்டு ரோசம்மா. விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அக்காவின் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "சார், இது நல்லதுக்குத்தான். அத்தன வருஷம் உள்ள எறங்கின சுண்ணாம்பு, கெமிக்கல் எல்லாத்தையும் மாத்திரை இழுத்து வெளிய தள்ளுது. அந்த வெஷத்துலதான நோவே வந்துது? அது போனா நோவும் போய்டும்."

அந்த வாரம் பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர். அத்தனை பேரும் தோல் வேலை பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர் வீட்டுப் பிள்ளைகள். பதினொருவரும் அதையே சொன்னார்கள். கை உரிய உரிய வீட்டில் நம்பிக்கை கூடியது. பாதம் வெடித்தபோது செல்வி அரைக் கிலோ இனிப்பு வாங்கி வந்தாள். பேதி ஆனபோது வயிறு சுத்தமாகிறது என்றார்கள்.

நான் எதற்கும் கவலைப்படுகிறவன். பேருந்தின் சக்கரத்தில் காற்று கம்மி என்று சொல்லிக் குடும்பத்தையே நடுவழியில் இறக்கியவன். ஆகவே என் கவலைக்கு எங்கள் வீட்டில் செல்லுபடி கிடையாது. செல்வி சொன்னாள்: "மாமா, நீங்க தும்மல் போட்டாக்கூட ஆம்புலன்ஸ் கூப்புடுவீங்க. அம்மா இப்பதான் தைரியமா இருக்குது. கெடுக்காதீங்க."

ஒருநாள் மத்தியானம் அக்காவால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கிக் குடித்தார். நான் அந்த எண்ணை அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது.

"வேணாம்டா. சொன்னா நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டுமேக்கா. கேட்டுத்தான் பாப்போமே."

"நிறுத்தினா நான் போய்டுவேன். இந்த மாத்திரைலதான்டா என் உசுரு இருக்குது. கை போனா போவுது. உன் காலைப் புடிக்கறேன் தம்பி, பண்ணாத."

உரிந்த கைகளைக் கூப்பினார். அதில் இரத்தம் கசிந்தது. மூத்தவர் கும்பிட்டால் இளையவன் என்ன செய்வான்? நான் கைப்பேசியைக் கீழே வைத்தேன். அன்று மாலை மாத்திரையை அவர் விரலால் எடுக்க முடியவில்லை. ரோசம்மா வாயில் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பேதி நிற்கவே இல்லை. எங்களிடம் கம்மியாகத்தான் சொன்னார். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வியைக் கம்பெனிப் பேருந்து ஏற்றிக்கொண்டு போன ஒரு காலையில், குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் வேலூருக்குக் கொண்டு சேர்த்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டது, இரத்த அணுக்கள் இறங்கிவிட்டன, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார்.

"ஐயா, கட்டி நல்லா சுருங்கியிருக்கு. மாத்திரை வேலை செஞ்சிருக்கு. கை செவந்தப்பவே ஒரு போன் பண்ணியிருந்தா கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சிட்டு, ஆறினதும் அளவைக் கொறச்சிக் குடுத்திருப்போம்."

"நிறுத்தினா நோய் ஜாஸ்தி ஆயிடாதா டாக்டர்?"

"இல்லைங்க ஐயா. நிறுத்தி வெச்சிக் குடுக்கறதும் இந்த வைத்தியத்துல ஒரு பகுதிதான்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

நான் உள்ளே போனேன். அக்கா கண்ணைத் திறந்து கேட்டார்: "இன்னா சொன்னாங்க?"

"கட்டி சுருங்கிடுச்சாம்க்கா."

"நான் சொல்லல? எல்லாம் வெளிய போய்டுச்சி." சிரிக்கப் பார்த்தார். உதட்டுப் புண் விடவில்லை. "நீ சும்மா பயந்துனே இருந்த."

மருத்துவர் சொன்னதன் மீதியை நான் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் அக்கா போய்விட்டார். வென்றுவிட்டோம் என்று நம்பிக்கொண்டே போனார். அது ஒரு ஆறுதல் அல்லவா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நோய் கொண்டுபோயிருந்தால் விதி என்று படுத்துத் தூங்கியிருப்பேன். நோய் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது அக்கா போனார். இந்தக் கணக்கை நான் எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் விடை வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டும். மருத்துவமனையில் கடைசி வரை போராடிய மருத்துவர்கள், செவிலியர்கள்; கூலி வாங்க மறுத்த ஆட்டோக்காரர்; இரத்தம் கொடுக்க ஷிப்ட் முடிந்த கையோடு வந்து நின்ற செல்வியின் தோழிகள் ஆறு பேர்; இவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ரோசம்மாவுக்கும் நன்றி. அவர் பெயரைப் போட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். அக்காவின் கையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தடவியவர் பெயரைப் போடாமல் வேறு யார் பெயரைப் போடுவது? அவருக்குத் தெரிந்தது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், உள்ளங்கை சிவந்த அன்றே மருத்துவமனையில் கொடுத்த எண்ணை அழையுங்கள். அது பழைய தோல் வேலையின் உரிச்சல் அல்ல. விஷம் வெளியேறுவதும் அல்ல. நோயாளி கையெடுத்துக் கும்பிட்டாலும் அழையுங்கள்.

இதைப் படித்து ஒருவர் பிழைத்தால் அக்காவின் சாவுக்கு ஒரு அர்த்தம் கிடைக்கும் என்று எழுதி முடிக்கச் சொன்னாள் செல்வி. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்துவிட்டேன். பிழைக்கிறவர் நன்றாக இருக்கட்டும். நான் அழைத்திருந்தால் அக்காவும் பிழைத்திருப்பார்.