காலுக்குக் கேட்ட சைக்கிள்

வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டும் மகளைப் பெற்ற தாய்க்குச் சமையலோடு இன்னொரு தொழிலும் சேர்ந்துவிடுகிறது: சத்தத்துக்குக் காவல் இருப்பது. என்னைப் போலவே இத்தொழிலில் மாட்டிக்கொண்டு, கீழ் வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் படியை எட்டிப் பார்ப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

மாவு மில்

தாமல் ஏரிப் பக்கம் சைக்கிள் பந்தயப் பயிற்சிக்குப் போன என் மகள் மலர்விழியை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. தோள் எலும்பு நன்றாகத் தேறும்வரை சாலையில் ஓட்டக் கூடாது என்றார் மருத்துவர். மாநில அணித் தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, பின்சக்கரத்தை ஓர் இரும்பு உருளையோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்டாண்டை வாங்கி, செவிலிமேட்டில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கூடத்தின் நட்டநடுவில் வைத்தோம். நின்ற இடத்திலேயே ஓட்டலாம்.

அவள் வேகமெடுத்ததும் எழுந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூச்சலிடும் வகுப்பை ஒரே பார்வையில் அடக்கியவள் நான். அந்த உருளை என்னைப் பொருட்படுத்தவில்லை. கீழ்த்தளத்தில் தறி போட்டிருக்கும் வீட்டு உரிமையாளர் ஏகாம்பரம் படியேறி வந்து கேட்டார்: "இன்னா டீச்சர், மேல மாவு மில்லு எதுனா தொறந்துட்டீங்களா?"

ஜமக்காளங்கள்

சத்தம் காற்றின் வழியேதான் போகிறது என்று தீர்மானித்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன், கதவிடுக்கில் பழைய புடவைகளைத் திணித்தேன், சுவரெங்கும் ஜமக்காளம் தொங்கவிட்டேன். பின்சக்கரத்தில் முண்டு முண்டாக இருந்த பட்டன் டயரைக் கழற்றிவிட்டு வழவழப்பானதை மாட்டினோம். எதிர்வீட்டார், ஒன்றுமே கேட்கவில்லை என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மலர்விழி மட்டும் வியர்வையில் குளித்தபடி சொன்னாள்: "சத்தம் வெளிய போவலம்மா. காத்தும் உள்ள வரல. நடுவுல நான்தான் வெந்துக்கினு இருக்கேன்."

சாவி

ஏகாம்பரம் மறுபடியும் வந்தார். இம்முறை குரலை உயர்த்தவில்லை. தறியில் ஒரு கல்யாணப் புடவை இருந்தது. மலர்விழி ஓட்டும் நேரத்தில் மிதி பிசகி, முந்தானையில் நெய்த பூ வடிவம் கலைந்து உடைந்துவிட்டதாம். பிரித்து மறுபடியும் நெய்தாராம்.

"நாளெல்லாம் தறிச் சத்தத்தில் இருப்பவருக்கு இது ஒரு சத்தமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வேறெந்த மாடியில் இந்த உருளையோடு எங்களைக் குடிவைப்பார்கள்? அவர் நிதானமாகச் சொன்னார்: "தறி சத்தம் எனக்குச் சோறு போடுது டீச்சர். இன்னொரு தபா பூ ஒடஞ்சிச்சின்னா, ஞாயித்துக்கெழம சாவிய குடுத்துட்டு கெளம்பிடுங்க."

தறியருகே

மறுநாள் மலர்விழியை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் கீழே போய்த் தறியருகே அமர்ந்தேன். காதுக்குப் பெரிதாக ஒன்றும் எட்டவில்லை. குழிக்குள் கால்களை வைத்து மிதித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம், கண்ணால் மேலே காட்டினார். பூ எடுக்கும் ஜக்கார்டு பெட்டி, எங்கள் கூடத்தைத் தாங்கும் உத்தரத்திலேயே இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து இறங்கி அவருடைய மிதிகட்டைக்குப் போகும் கயிற்றைத் தொட்டேன், விர்ரென்று நடுங்கியது.

திடப்பொருளில் ஒலி விரைந்து செல்லும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவள், தரையை விட்டுவிட்டுச் சுவருக்குப் போர்வை போர்த்தியிருக்கிறேன்! ஏகாம்பரம் காலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "காதுல கேட்டா பரவால்ல டீச்சர். இது கால்ல கேக்குது!"

சனிக்கிழமை

ஸ்டாண்டை உத்தரத்திலிருந்து விலக்கி, கீழ்த்தளத்தின் கனத்த சுவருக்கு நேர்மேலே இருக்கும் மூலைக்கு நகர்த்தினோம். அடியில் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டேன். சைக்கிள் தள்ளாடி, மலர்விழி தேறாத தோளோடு விழப் பார்த்தாள். மெத்தையை இழுத்தெறிந்துவிட்டுத் தடித்த ரப்பர் விரிப்பு, அதன்மேல் மரப்பலகை, அதற்கும் மேல் இன்னொரு ரப்பர் விரிப்பு என்று அடுக்கினோம்.

ஏகாம்பரத்திடம் தகவல் சொல்லிவிட்டு, அவளை முழு வேகத்தில் ஓட்டவிட்டுப் படியில் போய் நின்றேன். கீழே தறி ஓடவில்லை. பூ உடைந்துவிட்டது, சாவி கேட்க எழுந்து வருகிறார் என்று கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். யாரும் வரவில்லை. மலர்விழி பயிற்சியை முடித்துத் துண்டால் முகம் துடைத்த பிறகுதான் எனக்கு இறங்கிப் போகும் துணிவு வந்தது. மிதிகட்டையிலிருந்து காலைத் தூக்கி, நடுக்கம் வருகிறதா என்று ஒரு கையால் அதன் கயிற்றைப் பிடித்தபடி தறியில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் எரிச்சலோடு கேட்டார்: "எப்பதாம்மா ஆரம்பிப்பீங்க? பூ ஒடையக் கூடாதுன்னு நானும் எவ்ளோ நேரம் காலத் தூக்கிக்கினே ஒக்காந்துக்கினு இருக்கறது?"

மாடியிலிருந்து இப்போது கீழே எட்டும் ஒரே இரைச்சல் என் குரல்தான் என்கிறாள் மலர்விழி. அதற்கு எந்த ரப்பர் விரிப்பும் போதாது என்பதை அவளுக்குத் தெளிவாகத் தெரிவித்துவிட்டேன்.