கோரமண்டல் மழையும் வராத ஒரு போன் அழைப்பும்

மழைக்காலத்தில் இங்கே ஓக்லாந்துக்குக் கிழக்கே இருக்கும் கோரமண்டல் பக்கம் போகலாமா என்று இந்த வலைப்பதிவில் அடிக்கடி கேட்கிறீர்கள். போகலாம். ஆனால் நாங்கள் போன கதையை வாசித்துவிட்டுப் போங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, இங்கே குளிரும் மழையுமான ஜூன் மாத நீண்ட வார இறுதி. நான் பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் வேலை. மனைவி றெஜினா ஆஸ்பத்திரியில் தாதி. ஓக்லாந்துக்கு வந்து நான்கு வருடமாக ஓர் இடமும் போகவில்லை. பண்ணைக் குடில், ஓர் இரவுக்கு 45 டாலர் என்று பத்திரிகையில் பார்த்ததும் விழுந்தடித்துப் பதிவு செய்தேன். அந்த மாதத்தில் ஏன் அவ்வளவு மலிவு என்று யோசிக்கிற மூளை எனக்கு இருக்கவில்லை.

றெஜினாவுக்கு வெள்ளி இரவு வேலை. அதனால் நானும் ஏழு வயது மகள் ஆனும் வெள்ளி போவது, சனி காலை றெஜினாவை மாலதி தன் காரில் கூட்டிவருவது என்று திட்டம். மாலதி கோயம்புத்தூர்க்காரி. எங்கள் சான்ட்ரிங்ஹாம் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள்; நாட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான். புறப்படுமுன் அவளிடம் சொன்னேன்: “நாளைக்குப் பத்து மணிக்கு போன் எடுங்கோ தங்கச்சி. பாதை எப்பிடியெண்டு சொல்லுறன். பிறகு வெளிக்கிடுங்கோ.”

“சரிங்கண்ணா.”

பண்ணை நம்பர் றெஜினாவின் கைப்பையில் இருந்தது.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். தேம்ஸ் வரை 115 கிலோமீட்டர். அதற்கு முன் கோப்பு என்ற ஊரின் பாலம், ஒற்றை வழி. இருபத்தைந்து நிமிடம் காத்து நின்றோம். பிறகு கடலோரமாக இருபது கிலோமீட்டர், வலப்பக்கம் பிரியும் சல்லிப் பாதையில் நான்கு. பண்ணைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால் ஓர் ஓடை பாதையைக் குறுக்கே கடக்கிறது. பாலம் கிடையாது, தண்ணீருக்குள்ளால்தான் போகவேண்டும். அன்று கணுக்கால் அளவு. ஆன் கைதட்டினாள்.

இரவு முழுவதும் தகரக் கூரையில் மழை. குடிலில் போன் இல்லை. காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு பண்ணைக்காரர் கிரஹாமின் வீட்டுக் குசினியில் போய் இருந்தேன். பத்து மணி. போன் அடிக்கவில்லை. பத்து பத்துக்கு கிரஹாம் நனைந்துகொண்டு உள்ளே வந்தார். ஓடை முழங்காலுக்கு வந்துவிட்டது, இன்னும் ஏறும், இன்றைக்கு யாரும் வரவேண்டாம் என்றார்.

போன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கேட்க நா எழவில்லை. ஓக்லாந்துக்குப் பேசுவதென்றால் டோல் கோல், வெளியூருக்கான கட்டண அழைப்பு, அவருடைய பில்லில் விழும். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர், ஏற்கெனவே இரண்டு தேத்தண்ணி குடித்தாயிற்று. மாலதி எடுப்பாள்தானே என்று இருந்துவிட்டேன்.

“டாடி, வென் இஸ் மம்மி கமிங்?” என்று ஆன் மூன்றாம் முறை கேட்டபோது பத்தே முக்கால். அப்போதுதான் கேட்டேன். கிரஹாம் யோசிக்காமல் ரிசீவரை நீட்டினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் ஆளில்லை. அப்படியென்றால் புறப்பட்டுவிட்டார்கள்.

காரை மறிக்கச் சொல்ல, சல்லிப் பாதை பிரியும் திருப்பத்திலிருந்த டெய்ரிக்கு, அதாவது சின்னப் பலசரக்குக் கடைக்கு, கிரஹாம் போன் செய்து பார்த்தார், கடை பூட்டு. மாடுகளை மேட்டில் ஏற்றிவிட்டு டிராக்டருடன் வருகிறேன், நீ முன்னால் போய் நில் என்றார். மகளை அவர் மனைவியிடம் விட்டுவிட்டு, மழையங்கியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஓடை இப்போது ஆறு. மரக்கொப்புகள் உருண்டு போயின. ஒரு மணிக்குக் கிட்ட, அக்கரையில் மாலதியின் சிவப்புக் கார் தெரிந்தது. “வராதேங்கோ! நிப்பாட்டுங்கோ!” என்று தொண்டை கிழியக் கத்தி, இரண்டு கையையும் ஆட்டினேன். மழை இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. நான் வரவேற்கிறேன் என்று நினைத்து மாலதி லைட்டை இருமுறை போட்டுக் காட்டிவிட்டுக் காரைத் தண்ணீருக்குள் இறக்கினாள். பாதியில் எஞ்சின் நின்றது. காரின் பின்பக்கம் மெல்ல மெல்லப் பாதையோரப் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. பக்கத்துச் சீட்டில் றெஜினா வாயைத் திறந்தபடி நித்திரை. நான் மாதாவைக் கூப்பிட்டேன், வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

நல்ல காலம், டிராக்டர் வந்தது. கிரஹாம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சங்கிலி கொளுவி இழுத்தார். இக்கரைக்கு வந்ததும் நான் மாலதி மேல் பாய்ந்தேன். “பத்து மணிக்கு எடுக்கச் சொன்னனான் எல்லோ!”

அவள் நடுங்கிக்கொண்டே அழுதாள். “எடுக்கத்தாங்கண்ணா போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பத்தரை வரைக்கும் நீங்க பண்ணவே இல்ல. பாதை நல்லாத்தான் இருக்கும்னு கிளம்பிட்டோம்.”

எங்கள் ஊரில் போன் எடுப்பதென்றால் அழைப்பது. கோயம்புத்தூர்ப் பக்கம், மணி அடித்தால் தூக்குவது.

றெஜினா என்னைப் பார்த்தாள். “நீங்கள் ஒருக்காலும் எடுத்துப் பாக்கேல்லையோ?”

“பத்து மணியிலயிருந்து எடுத்தனான். லைன் கிடைக்கேல்லை” என்றேன். கிரஹாமுக்குத் தமிழ் தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: செப்டம்பர் வரை அந்தப் பள்ளத்தாக்குப் பாதைகளைத் தவிருங்கள். கோப்புவில் இப்போது புதுப் பாலம், காத்திருக்கத் தேவையில்லை. ஓடும் தண்ணீரில் காரை இறக்காதீர்கள், முழங்கால் அளவென்றாலும். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். தங்குமிடத்துக்காரரின் போனைத் தயங்காமல் கேளுங்கள்.

‘எடுக்கிற’ கதையைச் சொல்லி இன்றுவரை எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். மாலதிதான் அதிகம் சிரிப்பாள், நானும் கூடச் சிரிப்பேன். பத்து பத்திலிருந்து பத்தே முக்கால் வரை லைன் நன்றாகத்தான் இருந்தது. பத்தரை வரை மாலதி போனுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். றெஜினா இந்தப் பதிவுகளை ஒன்றுவிடாமல் வாசிப்பவள். இதையும் வாசிப்பாள்.