துண்டு மறைவில் எட்டாம் வகுப்பு

துண்டுக்கடியில் தனபாலின் கை வந்து தொட்டபோது அமீர் ஹம்சா மனசால் கொல்லிமலைமேல் இருந்தார்.

பேளுக்குறிச்சி வியாபாரிகள் சங்கத்தில் எந்த முடிவும் சந்தை வழக்கப்படிதான். வாய்விட்டுச் சொன்னால் பகை. செயலாளர் தனபால் துண்டோடு ஒவ்வொருவராக வருவார். மறைவில் அவர் விரலைப் பிடித்துச் சொல்ல வேண்டும். கல்வி அதிகாரி சங்கத்தின் கருத்தைக் கேட்டிருந்தார். மலைமேல் வளப்பூர் நாட்டு அரசுப் பள்ளி எட்டாம் வகுப்புவரை இருக்கட்டுமா, ஐந்தோடு நிறுத்திப் பெரிய பிள்ளைகளை பஸ்ஸில் கீழே கொண்டுவரலாமா? ஐந்துக்கு முழுக் கை. எட்டுக்கு முழுக் கை, பிறகு மூன்று விரல்.

"கீழ லேப் இருக்குது, கம்ப்யூட்டர் இருக்குது. மேல பதினோரு புள்ளைங்களுக்கு மூணு வாத்தியாருங்களா?" என்றார் அரிசிக்கடை பூபதி.

"அந்த வளைவுல ஒருநாள் வாந்தியெடுக்காம எறங்கி வாங்க பூபதி, அப்புறம் பேசலாம்" என்றார் அமீர் ஹம்சா.

நாற்பது வருஷமாக அவர் மலையேறி மிளகு வாங்குகிறார். திரும்பும் பஸ்ஸுக்கு அந்தப் பள்ளிக்கூட வாசலில்தான் நிற்பார். மேகம் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் போகும். நடுவே பிள்ளைகள் காணாமல் போய் வாய்ப்பாடு மட்டும் கேட்கும். மிளகு கொடுக்கும் நாமகிரியின் மகள் சத்யா அங்கே ஆறாவது. "கீழ அனுப்ப மாட்டனுங்க பாய். மேல இல்லீன்னா ஊட்லயே இருக்கட்டும்" என்றிருந்தாள் நாமகிரி. எட்டுக்குத்தான் கை கொடுப்பேன் என்று இவர் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவர் மனசில் மேகம் இன்னும் அந்த ஜன்னலைத் தாண்டவில்லை. கை தானாக முழுக் கையைப் பிடித்தது. வியாபாரக் கை, எதையும் கீழிருந்துதான் தொடங்கும். பதிலுக்கு ஓர் அழுத்தம் வரட்டும், ஏற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தது. தனபால் அடுத்தவரிடம் போய்விட்டார்.

"அஞ்சுக்கு நாலு பேரு, எட்டுக்கு மூணு பேரு" என்றார் தனபால், சுற்றி முடித்து.

"ஏனுங்க தனபால், நான் இன்னும் முடிக்கலீங்க."

"கைய விட்டா விட்டதுதானுங்க பாய். நீங்க போட்ட சட்டமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

மறுநாள் புதன்கிழமை. சங்கத்தின் கடிதம் பதினோரு மணிக்கு நாமக்கல்லுக்கு, கல்வி அதிகாரிக்குப் போனது. அமீர் ஹம்சா முதல் பஸ்ஸில் மலைக்குப் போனார். எத்தனைக்குக் கை கொடுத்தீர்கள் என்று நாமகிரி கேட்டாள். ஐந்து என்றார். அவள் மிளகு கொடுக்கவில்லை. நாலு மணி பஸ்ஸில் காலிச் சாக்குகளோடு இறங்கினார்.