மெத்தை என்று சொல்லாமல் மெத்தை விற்ற பெண்

போன மாதம் எங்கள் மேனேஜர் ஹனா, குரூப் சாட்டில் ஒரு அறிவிப்பு போட்டார். இனிமேல் கிளையண்ட் மீட்டிங்கில் எல்லோரும் கேமராவை ஆன் செய்ய வேண்டும். யார் எழுதிய விளம்பரமோ, அவரே வாயைத் திறந்து விளக்க வேண்டும்.

நியாயம்தானே? எல்லோரும் கட்டைவிரல் படம் போட்டோம்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ். அனுப்பியவள் தெரேசா. “அக்கா, நான் வேலைய விடப் போறேன். உங்ககிட்ட மட்டும் முதல்ல சொல்றேன்.”

நான் மலேசியாவில், கோலா சிலாங்கூரில், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு விளம்பர வாசகம் எழுதிப் பிழைப்பவள். எங்கள் டீமுக்கு ஆபீஸ் என்று ஒரு இடமே கிடையாது. ஹனா ஷா ஆலமில், டிசைனர் பினாங்கில். நான் தமிழில் எழுதுவேன். மலாயில் எழுதுவது தெரேசா, சுங்கை பெசார் பெண். சாட்டில் அவளைப் போல வாயாடி யாருமில்லை. தே தாரிக் — அதான், நுரை பொங்க இழுத்து ஆற்றும் பால் டீ — குடிக்காமல் ஒரு வரி ஓடாது என்று தினமும் காலையில் அலப்பறை செய்வாள். ஆனால், இத்தனை காலத்தில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை!

மீட்டிங் என்றால் மைக் ரிப்பேர். இல்லாவிட்டால் மழை, லைன் இல்லை. சுங்கை பெசாரில் மட்டும் அப்படி என்ன அடைமழை என்று நான் யோசித்ததுண்டு.

எனக்கு இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. எங்களுக்கு ஒரு மெத்தைக் கம்பெனி கிளையண்ட். மலாயில் மெத்தைக்கு ‘திலாம்’, தூக்கத்துக்கு ‘திடோர்’. இந்த இரண்டு வார்த்தையும் இல்லாமல் மெத்தை விளம்பரம் எழுத முடியுமா? தெரேசா எழுதுவாள். முதுகுக்கு ஒரு மடி என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு வரி. கனவுகள் வந்து இறங்கும் கரை என்று இன்னொன்று. அது அவளுடைய ஸ்டைல் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

சனிக்கிழமை காரை எடுத்தேன். அக்கறையில் பாதி, ஆர்வக்கோளாறில் பாதி — பொய் சொல்வானேன்? வயல்களைத் தாண்டி சுங்கை பெசார் போய், அவள் சொன்ன கடையில் உட்கார்ந்தேன். கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி வந்தாள். சிரித்தாள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். “மைலோ” என்றாள்.

நான் முதன்முதலில் கேட்ட அவள் குரல் அதுதான்.

“தே தாரிக் இல்லாம உயிரே போயிடும்னு எழுதுவியேம்மா... இது என்ன மைலோ?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். “தே...” என்று நின்றது. உதடு திறந்திருக்கிறது, தொண்டை அசைகிறது, அடுத்த எழுத்து வரவில்லை. எனக்குப் பதறிவிட்டது. “தே தண்ணியா?” என்று எடுத்துக் கொடுத்தேன்.

தெரேசா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: “நீங்க முடிச்சு வைக்காதீங்க அக்கா. நான் சொல்ல வந்தது அது இல்ல.”

எனக்குச் சுரீர் என்றது. அப்புறம் நான் குறுக்கே பேசவில்லை.

சின்ன வயதிலிருந்தே திக்குவாயாம். எல்லா எழுத்தும் இல்லை, ‘த’ வந்தால்தான் மாட்டிக்கொள்ளும். அதனால் ‘த’வில் தொடங்கும் வார்த்தை தூரத்தில் வரும்போதே அதைத் தாண்டிப் போக வேறொரு வார்த்தையைத் தேடி வைத்துக்கொள்வாளாம். தமிழில், மலாயில், ஆங்கிலத்தில்... கடையில் தே கேட்க வராது, கோப்பி பிடிக்காது. அதனால் மைலோ. விளம்பரம் எழுதும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தே எழுதுவதால், கையும் அதே வழியில் போய்விடுகிறதாம். சாட்டில் மட்டும் விரல் நிற்காமல் ஓடுமாம்.

நாங்கள் ஸ்டைல் என்று பாராட்டியது இதைத்தான்!

ஆனால், எல்லாவற்றுக்கும் மாற்று வார்த்தை கிடைக்குமா? சொந்தப் பெயருக்கு? முன்பு ஓர் இன்டர்வியூவில் பெயரைக் கேட்டார்களாம். அவள் திணறியதும் தண்ணீர் கொடுத்து, ரிலாக்ஸ் என்று சொல்லி, அதோடு அனுப்பிவிட்டார்களாம். எங்கள் கம்பெனி எழுத்துத் தேர்வு மட்டும் வைத்ததால் இங்கே சேர முடிந்தது.

உனக்குப் பதிலாக நானே பேசிவிடுகிறேன் என்றேன். அவள் மைலோவைத் தள்ளி வைத்தாள்.

“வீட்டுலயும் எல்லாரும் அப்படித்தான் அக்கா பேசுறாங்க, எனக்குப் பதிலா. வேலையிலயும் அப்படின்னா... நான் எதுக்கு லா?”

வேலையை விடும் யோசனையைத் தள்ளிப்போட்டு, அன்று சாயங்காலமே ஹனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஹனா உடனே, உனக்கு அந்த விதி வேண்டாம், கேமராவும் வேண்டாம் என்று பதில் போட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாகிவிட்டேன்.

தெரேசா நிம்மதியாகவில்லை. மெத்தைக் கம்பெனி மீட்டிங்கில் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டாள்.

போன புதன்கிழமை மீட்டிங். கிளையண்ட் பெரியவர், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாதவர். தெரேசா கேமராவை ஆன் செய்தாள். “நான்...” என்றாள். நின்றது. திரையில் எங்கள் எல்லோர் முகமும் உறைந்துவிட்டது. ஹனாவின் கை மைக்கை நோக்கிப் போவதைப் பார்த்தேன். பாதியில் திரும்பிவிட்டது. என் நாக்கு நுனியில் அவள் பெயர் துடித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“...தெரேசா” என்று வந்தது.

அதன்பிறகு விளம்பரத்தை வரி வரியாக விளக்கினாள். சில இடத்தில் ஓடியது, சில இடத்தில் நின்றது. முடித்ததும் பெரியவர் கேட்டார்: எல்லாம் சரி, ஓரிடத்தில்கூட திலாம் என்ற வார்த்தையே இல்லையே, ஏன்?

ஐயோ என்றிருந்தது எனக்கு. சேர்த்துவிடுகிறேன் என்று தப்பித்திருக்கலாம். அவள் உண்மையைச் சொன்னாள். அந்த வார்த்தை தன் வாயில் சுலபமாக வராது, அதனால் சுற்றிப் போய்ப் பழகிவிட்டது என்று. சொல்லிவிட்டு, அதையும் சொல்லிக் காட்டினாள். நேரம் எடுத்தது. ஆனால், முழுசாக வந்தது.

பெரியவர் விளம்பரத்தை மறுபடி ஒருமுறை படித்தார். அவர் முகத்தில் பரிதாபம் வருகிறதா என்று உற்றுப் பார்த்தேன். வரவில்லை. சுற்றிப் போனதுதான் நன்றாக இருக்கிறது, அப்படியே விடுங்கள் என்றார்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தக் கேமரா ஆன் ஆகியிருந்ததற்கு அன்றைக்கு நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

இத்தனை வருஷமாக வார்த்தையை விற்கிறேன். ஒருவர் அடுத்த வார்த்தைக்குப் போய்ச் சேரும்வரை சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தச் சில விநாடிகள் அவளுக்கு அல்ல, நமக்குத்தான் நீளமாகத் தெரிகின்றனவோ?

ஆங்... பெரியவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார் — லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டுமாம்.