சவுனாவில் தொங்கிய பெல்ட்

ரைலி கெம்பைனனைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'கரண்டி' என்றுதான் சொல்வார்கள். பெரிய ஏரியை ஒட்டிய அந்தச் சின்ன ஊரின் பள்ளிச் சமையலறையில் இருபத்தேழு வருஷம் நின்றவள். தட்டை நீட்டினால் சூப்பு விழும், கூடவே ஒரு வசவும் விழும். அவள் கரண்டியைத் திருடிக் கொடிக்கம்பத்தில் ஏற்றிய பயல்களும் உண்டு. மறுநாள் அந்தப் பயல்கள் தட்டில் மட்டும் ஒரு இறைச்சித் துண்டு கூடுதலாகக் கிடக்கும். ஏன் என்று கேட்டால், "தின்னாவது புத்தி வருதான்னு பாக்கறேன்" என்பாள். ஓய்வுக்குப் பிறகு திட்டுவதற்கு அவளுக்கு மிஞ்சியது ஒரே ஆள்: புருஷன் ரெய்னோ.

அந்த ரெய்னோ புதன்கிழமை காலை சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பாதம் இரண்டும் பூசணிக்காய். சிறுநீரகம் கைவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கட்கிழமை புயலில் சாலையையே மூடிவிட்டார்கள். "புதன் தவறக் கூடாது" என்று நர்ஸ் போனில் சொன்னாள். தவறினால் என்ன ஆகும் என்று ரைலி கேட்கவில்லை, நர்ஸும் சொல்லவில்லை.

பத்து மணிக்குச் சாலைப் பனியை ஒதுக்கும் லாரி வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பென்ஹேல் ஓட்டும் நோயாளி வேன் வரும். உள்ளே இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். ஐந்து நிமிஷம் நிற்பான், அவ்வளவுதான். லாரியை விட்டுப் பின்தங்கினால் காற்று மறுபடி சாலையை மூடிவிடும். வீட்டு வாசலிலிருந்து சாலைக்கு நூற்றுப்பத்து தப்படி. அத்தனையும் இடுப்பளவு பனி.

"வேட்டையில சுட்ட மானை இழுத்துட்டு வர்ற சறுக்குல உன்னை வெச்சு இழுத்துட்டுப் போயிடறேன்" என்று முந்தின நாளே சொல்லிப் பார்த்தாள்.

"செத்தப்புறம் இழு" என்றான்.

ஆகவே ஏழே முக்காலுக்குப் பனியை அள்ளி ஊதி எறியும் எந்திரத்தைக் கொட்டகையிலிருந்து எடுத்தாள். பத்துத் தப்படி போனது. ரப்பர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. எந்திரம் நின்ற இடத்திலேயே உறுமியது.

சட்டைப் பையில் இருந்த, வேட்டைக்குக் கொண்டுபோகும் கைரேடியோ கரகரத்தது. ஜன்னலில் இருந்தபடி ரெய்னோ.

"என்னடி ஆச்சு?"

"பிளேடு சுத்துது. சக்கரம் நகர மாட்டேங்குது."

"கியர் போட்டியா?"

"இல்ல, பாட்டுப் பாடிப் பாத்தேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "சக்கரத்து பெல்ட் போச்சு. கொட்டகைக்குள்ள இழு. மொதல்ல பிளக் வயரைக் கழட்டு. இல்லேன்னா நாளைக்குக் கரண்டி பிடிக்க விரல் இருக்காது."

இழுத்தாள். வயரைக் கழற்றினாள். எந்திரத்தை மூக்கின் மேல் கவிழ்த்தால் பெட்ரோல் வழியுமே என்று, ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டி சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைக் கிழித்து டாங்கி மூடிக்கு அடியில் வைத்து இறுக்கினாள்.

கொட்டகை ஜன்னலுக்கு நேர் எதிரே. "அது ரொட்டிப் பைதானே? ரொட்டி எங்க?"

"தின்னுட்டேன்."

"மொத்தமுமா?"

"வாயை மூடிட்டு அடுத்தது சொல்லு, கிழவா."

கவிழ்த்தாள். அடித்தகட்டை ஸ்பானரால் கழற்றினாள். கையுறையோடு போல்ட் பிடிபடவில்லை, கையுறை இல்லாமல் பிடித்தால் இரும்பு தோலைப் பிடித்துக்கொண்டது. முன்னால் இருந்தது பிளேடு பெல்ட். அதைத் தள்ளி எடுத்தால்தான் பின்னால் இருப்பது தெரியும். பிளேடு பெல்டை விரலால் தடவிப் பார்த்தாள். பக்கம் தேய்ந்து பளபளக்கவில்லை, வெடிப்பும் இல்லை. அதைத் தனியே வைத்தாள். சக்கர பெல்ட் நூல் நூலாக வந்தது, வேகாத நூடுல்ஸ் மாதிரி.

"புதுசு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்" என்றான் ரெய்னோ. குரலில் கொஞ்சம் கர்வம். "சவுனாவுல, அடுப்புக்கு மேல ஆணியில மாட்டியிருக்கேன். ஒரு நாள்கூடப் போட்டதில்ல."

அந்தப் பக்கத்து வீடுகளில் உறையக் கூடாத எதுவானாலும், அடுப்பு மூட்டி வியர்க்க உட்காரும் மர அறையான சவுனாவுக்குத்தான் போகும். உருளைக்கிழங்கு, பெயின்ட் டப்பா, பிரசவித்த பூனை, எல்லாம். ரைலி கதவைத் திறந்தாள். பிர்ச்சு இலைக் கொத்துக்குப் பக்கத்தில் பெல்ட் தொங்கியது. நாலு வருஷமாக, சனிக்கிழமை தவறாமல், தானும் ரெய்னோவும் வியர்த்து உட்கார்ந்த அதே சூட்டில் அதுவும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மனுஷர்கள் அரை மணியில் வெளியே ஓடிப் பனியில் விழுவார்கள். பெல்ட் எங்கே ஓடும்?

எடுத்தாள். ஆணியை விட்டு இறங்கியும் அது ஆணியில் தொங்குகிற நினைப்பிலேயே வளைந்து நின்றது. உள்புறத்தை வெளியே மடித்துப் பார்த்தாள். குளிர்கால உதடு மாதிரி வரிவரியாக வெடிப்பு. ஒன்றில் நகத்தை வைத்தாள். உள்ளே நூல் தட்டுப்பட்டது.

கடை முப்பது மைலில். பக்கத்து வீட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து தெற்கே போய்விட்டார்கள். மணி எட்டே முக்கால்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எப்படி இருக்கு?"

"கறுப்பா இருக்கு."

நாக்கு நுனியில் நாலு வருஷத்து வசவு வரிசையில் நின்றது. அதை விழுங்கினாள். பெல்டை ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு ஒட்டிச் செருகினாள், சூட்டில் கொஞ்சமாவது இளகட்டும் என்று. ஒரு நிமிஷம், இரண்டு, ஐந்து. பனிக்கட்டி மாதிரி இருந்தது மெல்ல வயிற்றுச் சூட்டுக்கு வந்தது. அந்த ஐந்து நிமிஷமும் அவளுக்கு ஒரு வருஷம்.

சக்கரத்து பெல்டை முதலில் மாட்டி, இழுத்துப் பிடிக்கும் சின்ன புல்லியை விரலால் தள்ளினாள். ஸ்பிரிங் வழுக்கி விரல் முட்டியில் அறைந்தது. தோல் போனது. பார்க்கவில்லை. பிறகு முன்னால் பிளேடு பெல்ட்.

"கைப்பிடியை விட்டா தொளதொளன்னு இருக்கணும், பிடிச்சா விறைக்கணும்" என்றது ரேடியோ. "இருக்கா?"

"இருக்கு."

தகட்டை மூடி, எந்திரத்தை நிமிர்த்தி, வயரை மாட்டி, ஒன்பது இருபதுக்குக் கிளப்பினாள். மிகக் குறைந்த வேகம். வாய் நிறைய அள்ளாமல், பாதி அகலத்துக்கு மட்டும் பனியைக் கடித்தாள். ஒவ்வொரு தப்படியாக எண்ணினாள். இருபது. முப்பத்தைந்து.

"என்னடி ஊர்வலமா போற?"

"நீதான் மாப்பிள்ளை. பொறுத்துக்க."

ஐம்பத்தெட்டு. எழுபது. அடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது.

"பெல்ட் கத்துது" என்றான் ரெய்னோ.

"கத்தறது நீ."

பதில் வரவில்லை. ஜன்னலைத் திரும்பிப் பார்க்கப் பயந்தாள். எண்பது. எண்பத்தொன்று. பிறகு ரேடியோவில் மூச்சு மட்டும் வந்தது, இரண்டு மூச்சுக்கு ஒரு வார்த்தை.

"ரைலி... முடியலேன்னா... விட்டுடு."

முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் எதையும் விட்டுவிடு என்று சொன்னதில்லை. ஒரு கோடை முழுக்கத் துருப்பிடித்த போல்ட் ஒன்றோடு சண்டை போட்டவன். ரைலி எந்திரத்தை விடவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் தப்படியில் பட்டென்று ஒலித்தது. சக்கரம் நின்றது.

சாலை வளைவில் லாரியின் மஞ்சள் விளக்கு தெரிந்தது. லாரி கடந்துபோனது. போகும்போது அவள் பாதை சாலையில் சேரும் இடத்தை அடைத்து நெஞ்சளவுக்கு ஒரு கட்டிப்பனிச் சுவரையும் வைத்துவிட்டுப் போனது. பின்னாலேயே வேன் வந்து நின்றது. பதினெட்டுத் தப்படி பாக்கி.

ரைலி வீட்டைப் பார்த்து ஓடினாள். அறுபத்தோரு வயசில் எப்படி ஓட முடியுமோ அப்படி. கொட்டகையில் இருந்து செம்மஞ்சள் நிறச் சறுக்கை இழுத்து வாசலில் போட்டாள். ரெய்னோ கோட்டும் தொப்பியுமாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சறுக்கைப் பார்த்தான்.

"நான் இன்னும் சாகலையே."

"அதனாலதான் இழுக்கறேன். உக்காரு."

உட்கார்ந்தான். வெட்டிய பாதை சரிவு, சறுக்கு வழுக்கிக்கொண்டு போனது. செத்துப்போன எந்திரத்தைச் சுற்றி இழுத்ததும் மெத்துப்பனி. இடுப்பு வரை இறங்கினாள். நாலு தப்படியில் மூச்சு முட்டியது. அதற்குள் பென்ஹேல் சுவரில் மண்வாரியால் ஒரு வாசல் வெட்டி, பனியை மிதித்துக்கொண்டு எதிரே வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தான்.

"மானுக்கு எத்தனை கிளைக் கொம்பு, ரைலி?"

"கொம்பே இல்ல. வெறும் கொழுப்பு."

"வேட்டைக்கு அனுமதிச் சீட்டு இருக்கா?"

"முப்பத்தெட்டு வருஷமா இருக்கு. இழுடா!"

வேன் இருக்கையில் ஏற்றியதும் ரெய்னோ அவள் கையைப் பிடித்தான். முட்டியில் ரத்தத்தைப் பார்த்தான்.

"புது பெல்ட்டாச்சே. எப்படி அறுந்துச்சு?"

"சாயங்காலம் சொல்றேன்."

"இப்பவே சொல்லு."

"மாட்டேன். முழுசா அரை மணி நேரம் திட்ட வேண்டியிருக்கு. நீ திரும்பி வந்து, நாற்காலியில உக்காந்து கேளு." ஒரு துணியில் சுற்றிய பெரிய ரொட்டித் துண்டை அவன் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

"தின்னுட்டேன்னு சொன்னியே?"

"பென்ஹேல், கதவைச் சாத்து."

வேன் லாரியைத் துரத்திக்கொண்டு போனது. விளக்கு மறையும் வரை நின்றாள். பிறகு எந்திரத்தின் பிளக் வயரைக் கழற்றி, அடியில் கையை விட்டு அறுந்த பெல்டை உருவினாள். வீட்டுக்குள் வந்து, ரெய்னோவின் நாற்காலி முதுகில், வந்து உட்காரப் போகிறவன் கண்ணில் முதலில் படுகிற மாதிரி, அதை மாட்டிவைத்தாள்.