கம்ப்யூட்டருக்கு எத்தனை முழம்?

கண்ணுக்கு நம்பர் மட்டும் போதாது, முழமும் தெரிய வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் கடையில் லென்ஸ் தேய்த்த கன்னியப்பன். எழுபத்திரண்டாம் வருஷம், ஆவணி மாதம், நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள். கண்ணாடிக் கடை வேலை என்பது, தெரியவில்லை என்று வருகிறவரிடம் என்ன தெரியவில்லை என்று கேட்கிற வேலை. அது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மூக்கில் கண்ணாடி ஏறிய உங்களுக்கு இந்த அவஸ்தையை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்று மாதம், மூன்று கண்ணாடி

பிள்ளைகள் மூவரும் வேலை, கல்யாணம் என்று போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் ரிடையராகி வந்தார். ஆபீசில் முப்பது வருஷம் செய்த மேற்பார்வையை, சமையலறை வாசலில் நாற்காலி போட்டுத் தொடர்ந்து செய்தார். கடுகு வெடிப்பதற்கு முன்னால் "வெடிச்சாச்சா?" என்பார். வெடித்த பிறகு "ஏன் இவ்வளவு சத்தம்?" என்பார். முருகனிடம் முறையிட்டேன். அவர் மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த கண்ணாடிக் கடையைக் காட்டினார். பெண்களுக்குக் காதில் ஃபிரேமை மாட்டிச் சரிபார்க்க ஓர் அம்மாள் வேண்டுமாம். என் எட்டாம் வகுப்புப் படிப்பு அதற்குத் தாராளம்.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர்தான் கண்ணைச் சோதித்து நம்பர் சொல்வார். நான் சீட்டில் எழுதி உள்ளே கன்னியப்பனிடம் கொடுப்பேன். அந்த நாலாவது நாள் கன்னியப்பன் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னாம்மா நீ, நம்பரை மட்டும் எழுதிக் குட்த்தா? அந்தம்மா இன்னா தூரத்துல வச்சுப் பாக்குதுன்னு கேட்டியா? புக்குன்னா முக்கா முழம். டைப் மிஷினுன்னா ஒண்ணேகா முழம். ரெண்டுக்கும் ஒரே கிளாஸைப் போட்டா ஒண்ணு தெரியும், ஒண்ணு புகையா கீது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாளிலிருந்து வருகிறவர்களை எல்லாம் கையை நீட்டச் சொல்லி, நம்பருக்குக் கீழே முழத்தையும் எழுத ஆரம்பித்தேன். அண்ணாச்சி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தாயி, இது கண்ணாடிக் கடையா, பூக்கடையா? சரி, மூணு மாசம் பாப்போம். அதுக்குள்ள மூணு கண்ணாடி திரும்பி வந்துச்சுன்னா, நீங்களும் வீட்டைப் பாத்துத் திரும்பிர வேண்டியதுதான்."

வீட்டில் இதைச் சொன்னேன். வீட்டுக்காரர் ரொம்ப சந்தோஷமாக, "நாற்காலியை அங்கேயே போட்டு வைக்கிறேன்" என்றார்.

யார் கை முழம்?

முதலில் திரும்பி வந்தது ஹேமாவதியின் கண்ணாடி. தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட், நாற்பத்தைந்து வயது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டைப் அடித்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது என்று வந்தவள். நாற்காலியில் உட்கார வைத்து, காற்றில் டைப் அடிக்கச் சொல்லி, மூக்கிலிருந்து காகிதம் இருக்க வேண்டிய இடம் வரை என் கையாலேயே அளந்தேன். ஒன்றேகால் முழம். மனசுக்குள் கந்தா என்று சொல்லிச் சீட்டை உள்ளே கொடுத்தேன்.

கந்தன் கைவிடவில்லை. கைதான் கைவிட்டது. நான் குள்ளம், என் முழம் பூக்காரி போடுகிற முழம். கன்னியப்பனோ நின்றால் நிலைப்படியில் தலை இடிக்கும். அவர் தன் கையால் ஒன்றேகால் முழம் போட்டுப் பார்த்து, அந்தத் தூரத்துக்கு லென்ஸ் தேய்த்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கால் முழம் காணாமல் போயிருந்தது. பூ விற்கிற ஊரில் பிறந்து வளர்ந்தும், ஆளுக்கு ஆள் முழம் மாறும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நாலாம் நாள் ஹேமாவதி வந்து கண்ணாடியை மேஜைமேல் வைத்தாள். கோபம்கூட இல்லை, களைப்புதான். "உங்க கண்ணாடி நல்லாத்தாங்க தெரியுது. ஆனா என் நாற்காலியை மேனேஜர் ரூமுக்குள்ள போட்டு உக்காந்தாத்தான் என் மிஷின் தெரியுது."

அன்றைக்கே கடையில் முழத்தை ஒழித்து, நூல் பிடித்து அளப்பது என்று முடிவாயிற்று.

சாஸ்திரிகளின் கல்யாணம்

இந்தத் தடவை நூலால் பிசகில்லாமல் அளந்தேன். வந்தவர் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சாஸ்திரிகள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே பலகையில் மந்திரப் புஸ்தகத்தை வைத்துப் படிப்பார். கடைத் தரையிலேயே அவரை உட்கார வைத்து, பலகைக்குப் பதில் அண்ணாச்சியின் பெரிய நோட்டை வைத்து அளந்தோம். கண்ணாடி தயாராகி அவர் மாட்டிப் பார்த்த நிமிஷம், நான் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "கண்ணாடி போட்டுண்டது நான், கண்ணை மூடிக்கறது நீங்களா?" என்றார். புஸ்தகம் பளிச்சென்று தெரிந்தது. ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

நான் கேட்க மறந்தது ஒன்றே ஒன்று: புஸ்தகத்தைத் தவிர வேறு எதைப் பார்ப்பீர்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் முடிந்த கையோடு, வியர்வை காயாமல் வந்து நின்றார். பலகைக்கு அந்தப் பக்கம் உள்ளதெல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்ததாம். "புஸ்தகம் ஸ்படிகம் மாதிரி இருக்கு. ஆனா கன்னிகாதானத்துல பொண்ணு கைன்னு நெனச்சு, பக்கத்துல நின்னுண்டிருந்த நாத்தனார் கையைப் பிடிச்சு மாப்பிள்ளை கையில வெச்சுட்டேன். நல்லவேளை, அவ ஆத்துக்காரர் முன் வரிசையிலேயே உக்காந்திருந்தார்."

கீழே புஸ்தகம், மேலே மணமக்கள் என்று இரண்டு பாகமாக லென்ஸ் மாற்றிக் கொடுத்தோம். ஆனால் கணக்குக்கு அது இரண்டாவது. அண்ணாச்சி என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். மூன்று மாதத்தில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது.

எட்டு முடிச்சு

அப்போதுதான் வசந்தா வந்தாள். மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் ஆபீஸ். "கம்ப்யூட்டர் வேலைக்கு ஏத்த கண்ணாடி வேணும்" என்றாள். எங்கள் மூவரில் ஒருவரும் கம்ப்யூட்டரைக் கண்டதில்லை. அண்ணாச்சி மரியாதையாக, "எத்தாம் பெரிசு இருக்கும்மா?" என்று கேட்டார். "ஒரு ஹால் நிறைய இருக்குமாம்" என்றாள். உள்ளேயிருந்து கன்னியப்பன், "ஹால் சைசுல கீறதே தெரியலைன்னா, அது கண்ணாடில தீர்ற விஷயம் இல்லம்மா" என்று குரல் கொடுத்தார்.

வசந்தா சிரித்துவிட்டாள். விஷயம் என்னவென்றால், அவளும் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. அதைக் கண்ணாடி அறையில் குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்களாம். இவர்கள் வெளியே வரிசையாக உட்கார்ந்து, இடது பக்கம் இருக்கும் ஃபாரத்தைப் படித்துப் படித்து, மிஷினில் தட்டி அட்டையில் ஓட்டை போடுவார்களாம். அந்த ஓட்டைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்குமாம். படிக்கிற கண்ணாடி போட்டால் குனிய வேண்டியிருக்கிறது, கழற்றினால் ஒன்றும் தெரியவில்லை, சாயங்காலம் தலை வெடிக்கிறது. நான் ஒரு நூலைக் கொடுத்து, "உங்க நாற்காலியிலே எப்பவும் போல உட்கார்ந்து, கண்ணிலேருந்து ஃபாரம் வரைக்கும் பிடிச்சு ஒரு முடிச்சுப் போட்டுக் கொண்டு வாங்க" என்றேன்.

மறுநாள் நூல் வந்தது. அதில் எட்டு முடிச்சு. ஒரு நூல்தானே என்று, கண்ணாடி போட்ட அத்தனை பேரும் ஆளுக்கொன்று போட்டுவிட்டார்கள். வசந்தா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். முதல் முடிச்சு அவள், நாலாவது உயரமான மேரி, கடைசி முடிச்சு அவர்கள் எல்லாருடைய அட்டையையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற சூப்பர்வைசர். ஏழு பெண்களும் ஒரு சூப்பர்வைசரும் முறை வைத்து வந்து அண்ணாச்சியிடம் கண்ணைக் காட்டினார்கள். அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எட்டுல ஒண்ணு திரும்பி வந்தாலும் மூணுதான் தாயி. நான் சொன்ன சொல்லை மாத்த மாட்டேன்."

மூன்றாவது கண்ணாடி

எட்டுக் கண்ணாடியும் தயாராகி ஆபீசுக்குப் போயிற்று. தினமும் விளக்கேற்றும்போது, 'முருகா, எட்டு ஜோடிக் கண்ணையும் நீயே பார்த்துக்கொள்' என்று வேண்டிக்கொண்டேன். மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியான வேளையில் வசந்தாவும் மேரியும் மூச்சு வாங்க உள்ளே வந்தார்கள். வசந்தா கைப்பையிலிருந்து கைக்குட்டையைப் பிரித்தாள். ஒரு கண்ணாடி. எனக்கு வீட்டுச் சமையலறை வாசலில் போட்ட நாற்காலி கண்ணெதிரே வந்து நின்றது. அண்ணாச்சி எழுந்தே வந்துவிட்டார்.

"யாருடையது?" என்றேன்.

"சூப்பர்வைசரோடது. முகம் கழுவப் போனவர் மேஜைமேல வச்சுட்டுப் போயிட்டார். சாப்பிட்டு வரதுக்குள்ள கொண்டு போய் வச்சாகணும்."

"தெரியலையாமா?"

"ஐயோ, தெரியுதுங்க! அதுதாங்க கஷ்டம்" என்றாள் மேரி. "ஆறு வருஷமா எங்க அட்டையைத் தூக்கிப் பிடிச்சு 'குட், குட்'னு கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்த மனுஷர். இந்தக் கண்ணாடியைப் போட்டதிலேருந்து ஒவ்வொரு ஓட்டையா எண்ணிட்டிருக்கார். நேத்து ஒருநாள் மட்டும் நாப்பது அட்டை திருப்பிக் குடுத்துட்டார். நீங்கதான் அதைப் பழையபடி கொஞ்சம் மங்கலாப் பண்ணித் தரணும்."

கன்னியப்பன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா பெரிய வேலை? உப்புத்தாளால லேசா ஒரு இழுப்பு இழுத்தா போதும்" என்றார். நான் பதறிப்போனேன். அது பாவம் இல்லையா, முருகன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். வசந்தா கையெடுத்துக் கும்பிட்டு, "அந்த முருகனுக்கு யாருங்க கண்ணாடி போட்டது?" என்று கேட்டாள்.

நான் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது கண்ணாடி மேஜைமேல் இருந்தது. அவர் சொன்ன சொல்லும் அங்கேதான் இருந்தது. அவர் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், துடைத்தார், கைக்குட்டையில் பழையபடி சுற்றி வசந்தாவிடம் நீட்டினார். பிறகு என்னிடம் சொன்னார்: "தெரியலைன்னு திரும்பி வந்தாத்தான் கணக்கு தாயி. நல்லாத் தெரியுதுன்னு திருப்பிக் கொண்டாந்தா, அதுக்கு நான் என்ன செய்ய? நீங்க இங்கனயே இருங்க. முதல்ல இந்தப் பிள்ளைகள பஸ் ஏத்தி விடுங்க."

அப்புறம் பன்னிரண்டு வருஷம் அங்கேயே இருந்துவிட்டேன். அதில் நான் கற்றுக்கொண்டது, நன்றாகத் தெரிய வேண்டும் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் தங்களுக்கு மட்டும்தான் கேட்கிறார்கள் என்பதே. ஆகையால் உங்கள் மேலதிகாரிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று தோன்றினால், ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்துவிட்டு அனுப்புங்கள்.